சிறு டீசல் டிராக்டரின் சக்தியைப் பெருக்குதல்

சென்ற கோடை விடுமுறையில், நம் கல்லூரியிற் பௌதிகம் பயின்று பட்டம் பெற்றுச் சென்ற பழைய மாணாக்கர் ஒருவர் எம்மைக் காண வந்தார். கம்பம் பள்ளத்தாக்கில் அவருக்குத் திராட்சைத் தோட்டம் உண்டு. பந்தற்கால்களுக்கு இடையே பெரிய டிராக்டர் நுழையாது. ஆதலின் மூன்று சிலிண்டர்கள் கொண்ட சிறு டீசல் டிராக்டர் ஒன்றை வங்கியிற் கடன்பட்டு வாங்கியிருந்தார். இரண்டு ஆண்டு ஓட்டியபின், ரோட்டாவேட்டர் பூட்டி உழுங்கால் அதற்குச் சக்தி போதவில்லையென்று கண்டு, அதனை ஒரு பட்டறையிற் கொண்டுபோய் விட்டார். அப்பட்டறையார் எண்ணெய்ப் பம்பின் பக்கத்தே கம்பியிட்டு முத்திரை வைத்திருந்த ஒரு திருகாணியின் முத்திரையை அறுத்து, அதனை அரைச்சுற்றுத் திருப்பிக் கொடுத்தனர். வேலை கால் மணி நேரத்தில் முடிந்தது. முதல் வாரம் அன்பருக்கு மகிழ்ச்சி கரைகடந்தது. வண்டி இளங்காளைபோல் இழுத்தது. புகைபோக்கியில் எழுந்த கரும்புகையைச் சக்தியின் அடையாளம் என்றே வேலையாட்கள் சொல்லிக்கொண்டனர். ஐந்தாம் வாரத்தில், நண்பகல் உழவின் நடுவே, எஞ்சின் ஒருமுறை முனகி நின்றது. கழற்றிப் பார்த்தபோது, நடுச் சிலிண்டரிலுள்ள பிஸ்டனின் தலையிற் சுண்டுவிரல் நுழையும் அளவு ஓட்டை விழுந்திருந்தது. கவாத்துக்குமுன் முடிக்கவேண்டிய உழவு நின்றது; கடன் தவணையோ நிற்கவில்லை.

அவர் எம்மை வினாவியது இது: "ஐயா, திருகாணியைத் திருப்பியதாற் சக்தி கூடியதும் மெய், எஞ்சின் கெட்டதும் மெய். கம்பெனியார் கொடாது ஒளித்து வைத்த சக்தியைத்தானே யான் எடுத்தேன்? அஃது ஏன் எஞ்சினைக் கொன்றது?" அன்று யாம் கூறிய விடையையே சற்று விரித்து ஈண்டு எழுதுகின்றோம். நம் மாணவருட் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகளாதலின், இவ்வினா அவர்கள் இல்லத்திலும் எழக்கூடும்.

பெட்ரோல் எஞ்சினில் ஓட்டுபவன் தன் காலால் அடக்கி விடுவது காற்றை. டீசல் எஞ்சினில் அவ்வாறன்று. அதன் சிலிண்டர் ஒவ்வொரு முறையும் கொள்ளுமட்டும் காற்றை உட்கொள்ளுகின்றது, அக்காற்று ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கப்பட்டுப் பழுக்கக் காய்கின்றது, அந்தச் சூட்டினுள் எண்ணெய் பீச்சப்படுகின்றது, தீப்பொறியின்றியே எரிகின்றது. சக்தியைக் கூட்டுவதும் குறைப்பதும் எண்ணெயின் அளவொன்றினாலேயே. அவ்வளவை நொடிதோறும் நிருணயிப்பது கவர்னர் என்னும் உறுப்பு. சுமை மிகுந்து வேகம் தாழ்ந்தால் அது எண்ணெயைக் கூட்டும். சுமை தணிந்தாற் குறைக்கும். இதற்கு மேற் கூட்டலாகாது என்று அக்கவர்னருக்கு இடப்பட்ட எல்லையே மேற்சொன்ன முத்திரைத் திருகாணி. அதனைத் திருப்பினால் எண்ணெய் கூடும் என்பதில் ஐயமில்லை. அவ்வெண்ணெய் எரிவதற்கு வேண்டிய காற்று எங்கிருந்து வரும் என்பதே கேள்வி.

இதனைக் கணக்கிட்டே பார்ப்போம். சிறு டிராக்டர்களிற் பெருவழக்காய்க் காணப்படும் குபோட்டா கம்பெனியாரின் டி1105 என்னும் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். மூன்று சிலிண்டர், ஒவ்வொன்றின் விட்டம் 78 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் நீளம் 78.4 மில்லிமீட்டர், மொத்தக் கொள்ளளவு 1,123 கன சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால், நான்கு வீச்சு எஞ்சினாதலின், 1,500 முறை நிரம்பும். கணக்கின்படி 1,684 லிட்டர் காற்று. ஆயினும் குழாய்களின் நெருக்கத்தாலும் வால்வுகளின் தடையாலும் முழுதும் நிரம்புவதில்லை. நூற்றுக்கு 85 பங்கு என்று கொண்டால் 1,430 லிட்டர். கடல்மட்டத்தில் 30 பாகைச் சூட்டில் இதன் நிறை சுமார் 1.67 கிலோகிராம். ஒரு பங்கு டீசல் முற்றும் எரிய ரசாயனக் கணக்கின்படி பதினான்கரைப் பங்கு காற்றுப் போதும். ஆனால் எண்ணெய்த் துளி ஒவ்வொன்றும் தன் பிராணவாயுவைத் தேடிக் கலப்பதற்குக் கிடைக்கும் காலம் ஆயிரத்தில் இரண்டு மூன்று நொடியே ஆதலின், புகையின்றி எரிய இருபது பங்கு காற்று வேண்டுமென்று கொள்ளலாம். ஆகவே நிமிடத்துக்கு 83 கிராம், மணிக்கு 5 கிலோகிராம் எண்ணெயே இவ்வெஞ்சின் செவ்வையாய் எரிக்க வல்லது. இத்தகைய சிறு எஞ்சின் ஒரு கிலோவாட் மணிக்குச் சுமார் 270 கிராம் எண்ணெய் உண்ணும். வகுத்துப் பார்த்தால் 18½ கிலோவாட்; அஃதாவது 25 குதிரைச் சக்திக்குச் சற்றுக் குறைவு. கம்பெனியார் அவ்வெஞ்சினுக்கு எழுதியுள்ள சக்தியும் இதுவே. ஒளித்து வைத்தது ஒன்றுமில்லை என்பதை மாணவர் இக்கணக்காற் காணலாம். எழுதப்பட்ட சக்தி, அந்த எஞ்சின் விழுங்கும் காற்றின் விலைமதிப்பே.

ஈண்டு ஒரு சரித்திரச் செய்தியைச் சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. ருடால்ப் டீசல் என்பார் ஜெர்மனியிலுள்ள ஆக்ஸ்பர்க் நகரில் 1897-ஆம் ஆண்டு முதன்முதலாய்ச் செவ்வையாக ஓட்டிக் காட்டிய எஞ்சின் ஆளுயரத்தினும் மிக உயர்ந்தது. ஒற்றைச் சிலிண்டர், விட்டம் 250 மில்லிமீட்டர், நீளம் 400 மில்லிமீட்டர், கொள்ளளவு ஏறத்தாழ 19.6 லிட்டர். நிமிடத்துக்கு 154 சுற்றில் அது தந்தது 18 குதிரைச் சக்திக்கும் சிறிது குறைவு. இன்று ஒரு சிறுவன் அணைத்துப் பிடிக்கத்தக்க எஞ்சின் அதனினும் மிகுதியாய்த் தருகின்றதே, எவ்வளவு முன்னேற்றம் என்று வியக்கிறோம். ஆனால் ஒரு நிமிடத்தில் உட்கொள்ளும் காற்றை மட்டும் பெருக்கிப் பாருங்கள். ஆக்ஸ்பர்க் எஞ்சின் 1,509 லிட்டர். டி1105 எஞ்சின் 1,684 லிட்டர். நூறாண்டில் எஞ்சினின் உடல் பதினேழில் ஒரு பங்காய்ச் சுருங்கிற்று. மூச்சு மட்டும் சுருங்கவில்லை. மூச்சின் அளவே சக்தியின் அளவு.

இனி, திருகாணியைத் திருப்பினால் நேர்வதைப் பார்ப்போம். இருபதுக்கு ஒன்று என்றிருந்த அளவு பதினேழுக்கு ஒன்று, பதினாறுக்கு ஒன்று என்று இறங்குகின்றது. மிகுதி எண்ணெயிற் சிறிது பகுதிக்குக் காற்றுக் கிடைக்கின்றது. அந்த அளவுக்குச் சக்தியும் கூடுகின்றது. அன்பர் முதல் வாரத்திற் கண்டது பொய்யன்று. எஞ்சிய பகுதி காலந்தாழ்த்தி எரிகின்றது. பிஸ்டன் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போது எரியும் எண்ணெய் அதனைத் தள்ளுவதற்குப் பயன்படாமல், சுவரையும் பிஸ்டனையும் வெளிவால்வையும் சுடுவதற்கே பயன்படுகின்றது. அதிலும் எரியாத பகுதி கரியாய் மாறிப் புகைபோக்கி வழியே செல்கின்றது. ஆதலின் கரும்புகை சக்தியின் அடையாளமன்று, காசு கொடுத்து வாங்கிய எண்ணெய் கரியாய்ப் போவதன் அடையாளம். பிஸ்டனோ அலுமினியக் கலப்பு உலோகம். 580 பாகை அளவிலேயே உருகத் தொடங்கும். எரியும் வாயுவின் சூடு 2,000 பாகைக்கு மேல். இவ்விரண்டுக்கும் நடுவே பிஸ்டனைக் காப்பது அதன் வெப்பத்தை வளையங்கள் வழியே சுவருக்கும், சுவரிலிருந்து நீருக்கும் விரைந்து கடத்தும் ஏற்பாடொன்றே. வரும் சூடு கடத்தும் சூட்டை விஞ்சினால், உலோகம் தளர்ந்து ஓட்டை விழுவது காலத்தைப் பொறுத்ததேயன்றி வேறில்லை. கால்மணி உழுது நிறுத்துபவன் தப்புவான்; நண்பகலில் மூன்று மணி நேரம் இடைவிடாது ரோட்டாவேட்டர் ஓட்டுபவன் தப்பான்.

திருகாணியை விடுத்து வேகத்தைக் கூட்டலாகாதா எனின், அதுவும் காற்றைக் கூட்டும் வழியே. ஆக்ஸ்பர்க் எஞ்சினுக்கும் இன்றைய எஞ்சினுக்கும் உள்ள வேற்றுமை பெரும்பாலும் அதுதான். ஆனால் ஓடி நின்று திரும்பும் பிஸ்டனின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பத்துப் பங்கு கூடினால் இணைப்புத் தண்டு தாங்கவேண்டிய விசை இருபத்தொரு பங்கு கூடும். அன்றியும் பின்புறத்திலுள்ள பி.டி.ஓ. தண்டு, எஞ்சின் குறித்த வேகத்தில் ஓடும்போது நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுற்றுமாறு பல்சக்கரங்களாற் பிணைக்கப்பட்டுள்ளது. எஞ்சினை மிகுதியாய் ஓட்டினாற் பின்னுள்ள கருவியும் மிகுதியாய் ஓடும். புல்வெட்டும் கருவியின் கத்தி கழன்று பறந்தால் அது யார்மேல் விழும் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

மூன்றாம் வழி, காற்றையே அழுத்தி ஊட்டுவது. வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அச்சக்கரத்தாற் காற்றை நெருக்கி உள்ளே அனுப்பும் உபாயத்துக்கு ஸ்விட்சர்லாந்து தேசத்து ஆல்பிரெட் பூக்கி என்பார் 1905-இல் உரிமைச்சீட்டுப் பெற்றார். இதனையே இன்று டர்போ என்கின்றோம். டிராக்டரில் தொழிற்சாலையிலேயே இதனைப் பொருத்தி விற்கத் தொடங்கியவர் அமெரிக்காவில் ஆலிஸ்-சால்மர்ஸ் கம்பெனியார். 1961-இல் வந்த டி19 அவர்களுடையது. முன்சொன்ன டி1105 எஞ்சினையே டர்போ சேர்த்து விற்கின்றனர். அது 3,000 சுற்றில் 24½ கிலோவாட், ஏறக்குறைய 33 குதிரைச் சக்தி தருகின்றது. கொள்ளளவு கூடவில்லை, மூன்றில் ஒரு பங்கு மூச்சுக் கூடிற்று, மூன்றில் ஒரு பங்கு சக்தியும் கூடிற்று. மெய்யான சக்திப் பெருக்கம் என்று யாம் ஒப்புவது இதனையே. ஆயினும் கடையில் டர்போவொன்றை வாங்கிப் பொருத்திவிடலாம் என்று எண்ணுபவருக்கு ஒன்று சொல்லுவோம். அதற்கு ஓயாது உயவெண்ணெய் ஊட்டவேண்டும். கேஸ்கட், ரேடியேட்டர், கிளச்சு, கியர்ப்பெட்டி, பின்அச்சு ஆகிய யாவும் கூடிய சக்தியைத் தாங்கவேண்டும். சங்கிலியின் ஒரு வளையத்தைப் பருக்கச் செய்தால் அடுத்த வளையம் அறும். இத்தனையையும் மாற்றும் செலவிற் பெரிய டிராக்டரே வாங்கிவிடலாம் என்பது எம் கருத்து. உதகமண்டலம் போன்ற மலைநாடுகளில் மட்டும் வழக்கு வேறு. 2,240 மீட்டர் உயரத்திற் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைதலால், சமவெளியில் 25 குதிரையாய் ஓடியது அங்கே இருபதாய் ஓடும். அங்கே டர்போ, இழந்ததை மீட்டுக் கொடுக்கும்.

கம்பெனியார் சிலர் ஒரே எஞ்சினை ஓரிடத்திற் குறைந்த சக்தியாகவும் வேறிடத்தில் மிகுந்த சக்தியாகவும் எழுதி விற்பதுண்டே, அதன் கருத்தென்ன என்று நம் மாணவர் கேட்கலாம். கியர்ப்பெட்டி தாங்கும் அளவு ஒரு காரணம். சட்டம் மற்றொரு காரணம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 19 கிலோவாட்டுக்குக் கீழ்ப்பட்ட எஞ்சின் கிலோவாட் மணிக்கு 0.40 கிராம் கரித்துகள் வெளியிடலாம். 19 முதல் 37 வரை உள்ளதற்கோ 2013 முதல் 0.03 கிராமுக்கு மேல் ஆகாது. பதின்மூன்று மடங்கு கண்டிப்பு! அதனை நிறைவேற்ற விலையுயர்ந்த வடிகட்டியும் மின்கருவிகளும் வேண்டும். ஆதலின் அந்நாட்டுக்குச் செல்லும் சிறு டிராக்டர்களுட் பல 25 குதிரைச் சக்தியின் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. அத்தகைய எஞ்சினிற் சிறிது இடம் மிஞ்சியிருக்கலாம். ஆனால் முத்திரையை அறுப்பது அங்கே சட்டத்துக்கு மாறு, எங்குமே கம்பெனியாரின் உத்தரவாதத்துக்கு மாறு.

இவ்வளவும் கேட்டபின் அன்பர், "அங்ஙனமாயின் என் வண்டிக்குச் சக்தி போதாதது போதாததுதானா?" என்றார். மறுவாரம் இரண்டு மாணவரை அழைத்துக்கொண்டு யாமே அவர் தோட்டத்துக்குச் சென்றோம்.

முதலில் ஏர் பில்டரைத் திறந்தோம். திராட்சைத் தோட்டத்துச் செம்புழுதி மாவுபோல் மடிப்புத்தோறும் அப்பியிருந்தது. பெரும்பாலான கம்பெனியார் சுமார் 630 மில்லிமீட்டர் நீர்மட்டத் தடை வரை பொறுப்பர். அதுவே வளிமண்டலத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு. அந்த அளவிலேயே 25 குதிரையில் ஒன்றரைக் குதிரை போய்விடும். அன்பர் வண்டியில் தடை அதனினும் மிகுதியாயிருந்திருக்க வேண்டும். அப்போதுதான் அவருக்கு உண்மை விளங்கிற்று. அவர் எஞ்சினிற் குறைந்திருந்தது எண்ணெயன்று, காற்று. மூச்சுத் திணறுகின்றவன் வாயிற் பின்னும் சோற்றை அடைத்ததுபோல, காற்றுக் குறைந்த எஞ்சினுக்குப் பட்டறையார் எண்ணெயைக் கூட்டிவிட்டனர். அவர்களைக் குறைகூறுவது எளிது. பில்டரைத் திறந்து பாராத குற்றத்தில் அன்பருக்கும் பங்குண்டு என்பதை அவரே ஒப்புக்கொண்டார்.

பிஸ்டன் புதிதாய் இட்டு, பம்பைச் சோதனை மேசையில் ஏற்றிக் கம்பெனி அளவுக்கே திருகாணியை நிறுத்தி, மீண்டும் முத்திரையிடச் செய்தோம். கைவிசைக் கம்பி நீண்டு தளர்ந்திருந்ததால், நெம்புகோலை முற்றும் தள்ளியும் கவர்னர் முழு வேகத்துக்குச் செல்லாதிருந்தது. சுற்றெண்ணும் கருவியாற் பார்த்தபோது இருநூறு சுற்றுக் குறைவு. கம்பியை இழுத்துக் கட்டக் காசு செலவாகவில்லை. எண்ணெய் வடிகட்டி மாற்றப்பட்டது. நாசில்கள் மூன்றையும் சோதித்ததில் ஒன்று பனிபோலத் தூவாமல் ஒழுகிக்கொண்டிருந்தது. ஓட்டை விழுந்த பிஸ்டனும் அதே சிலிண்டரினது. வால்வு இடைவெளியைக் கைநூலிற் கண்டபடி சரிசெய்தோம். ரேடியேட்டரின் துடுப்புகளில் அடைந்திருந்த சருகை நீரடித்து அகற்றினோம்.

பின்பு எஞ்சினை விட்டு நிலத்துக்கு வந்தோம். எஞ்சினிற் பிறந்த சக்தி முழுதும் கலப்பைக்குச் செல்வதில்லை. நெகிழ்ந்த மண்ணில் பாதியே சென்று சேர்ந்தாலும் வியப்பில்லை. விற்பவர் சொல்லும் சக்தியும் உழவன் காணும் சக்தியும் மாறுபட்டதனாலேயே, அமெரிக்காவில் நெப்ராஸ்கா நாட்டினர், வில்மட் குரோசியர் என்னும் உழவர் சட்டசபையிற் கொண்டுவந்த மசோதாவால் 1919-இற் சட்டமியற்றி, டிராக்டர்களை இழுக்கவைத்தே சோதிக்கலாயினர். அச்சோதனையில் ஒரு பகுதியை நம் மாணவர் ஒரு சுண்ணக்கட்டியாலும் அளவுநாடாவாலும் செய்தனர். பின்சக்கரத்தில் ஒரு கோடிட்டு, கலப்பையைத் தூக்கிய நிலையிற் பத்துச் சுற்று ஓட்டியபோது வண்டி 34 மீட்டர் சென்றது. கொத்துக் கலப்பையை மண்ணில் இறக்கிப் பத்துச் சுற்று ஓட்டியபோது 28 மீட்டரே சென்றது. ஆறு மீட்டர் வழுக்கல், நூற்றுக்குப் பதினேழரை. பின்சக்கரங்களில் இரும்பு எடை கட்டி, டயரின் காற்றைக் கைநூலில் வயலுக்குச் சொன்ன அளவுக்குக் குறைத்து மீண்டும் ஓட்டினோம்: 30½ மீட்டர். அதே எஞ்சின், அதே இழுவை, அதே சுற்று. வேலை மட்டும் நூற்றுக்கு ஒன்பது கூடிற்று. இருபத்தைந்து குதிரையுள்ள வண்டிக்கு இஃது இரண்டு குதிரை கூடியதற்கு ஒப்பாகும். எடையை இன்னும் ஏற்றினால் வழுக்கல் இன்னும் குறையும்; ஆனால் கனத்த வண்டி தன்னைத் தானே சுமக்கவும் சக்தி வேண்டும், மண்ணும் இறுகும். பத்துப் பங்கு வழுக்கல் அளவில் நிறுத்திக்கொண்டோம்.

ரோட்டாவேட்டருக்கு இக்கணக்குப் பொருந்தாது. அதன் கத்திகளே வண்டியை முன்தள்ளுமாதலின் அங்கே சக்கர வழுக்கல் பொருட்டன்று. அங்கே குற்றம் கத்தியில் இருந்தது. முனை தேய்ந்து மழுங்கிய கத்தி மண்ணை வெட்டாது, அடிக்கும். புதுக் கத்தி மாட்டி, ஒரே ஓட்டத்தில் ஆறங்குலம் உழுவதை விட்டு, மூன்றங்குலமாய் இருமுறை, தாழ்ந்த கியரில் உழச் சொன்னோம். எஞ்சின் தன் வேகத்திலிருந்து சற்றே இறங்கி, அங்கேயே நிலைத்து ஓடிற்று. புகைபோக்கியின் வாயில் வெண்தாளைப் பிடித்துப் பார்த்த மாணவர், அதில் மங்கலான சாம்பற் படிவு மட்டுமே கண்டனர்.

புரட்டாசியில் அன்பர் எழுதிய கடிதம் எம்மிடம் உள்ளது. இருமுறை உழுவதால் ஏக்கருக்கு முன்னிலும் சிறிது நேரம் கூடுதலாகின்றதாம். எண்ணெய்ச் செலவு கூடவில்லையாம். பில்டரை ஞாயிறுதோறும் திறந்து பார்க்கின்றாராம். பிஸ்டனுக்கும் பம்புக்கும் கொடுத்த தொகையால் தவறிய தவணை இரண்டும் தை அறுவடைக்குப் பின்னரே தீரும் என்று எழுதியிருக்கின்றார்.